கடலுக்குள் ஒரு காடு!

காட்டைப் பார்க்க வேண்டும் என்றால் மலை ஏறுவார்கள். நாங்கள் மூன்று நண்பர்கள், காட்டைப் பார்ப்பதற்காகக் கடலில் இறங்கினோம்!

ஆம்! கடலுக்கு அடியிலும் காடு உண்டு. அங்கே மரத்துக்குப் பதில் பாசி. பறவைக்குப் பதில் மீன். பனைமரம் போல உயர்ந்த பாசி!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடலோரமாக "பாயிண்ட் லோபோஸ்" என்ற இடம் இருக்கிறது. அது ஒரு காப்புக்காடு. 1960-ம் ஆண்டு கடலுக்கு அடியில் உள்ள பகுதியையும் அதோடு சேர்த்து விட்டார்கள். அங்கே ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது.

காலையில் வாசலில் காவலர் எங்களை நிறுத்தினார். மூழ்குவதற்குப் பயிற்சி பெற்ற அட்டையைக் காட்டினோம். தனியாக வருகிறவர்களை அங்கே மூழ்க விடுவதில்லை. துணை இருந்தால்தான் அனுமதி.

"இது என்ன கட்டுப்பாடு?" என்று நான் முணுமுணுத்தேன்.

"உள்ளே போனால் தெரியும்" என்றார், எங்களில் மூத்தவரான நண்பர்.

முதுகில் காற்று

தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. கைவிரல் அளவு தடித்த ரப்பர் உடை இல்லாமல் அதில் அதிக நேரம் இருக்க முடியாது. அதை மாட்டுவதற்குள் வியர்த்துக் கொட்டி விட்டது. பிறகு இடுப்பில் ஈயக் கட்டிகள். காலில் தவளைக்கால் போன்ற ரப்பர் துடுப்பு. முதுகில் காற்று அடைத்த சிலிண்டர்.

இந்தக் காற்றுக் கருவியை 1943-ம் ஆண்டு உருவாக்கியவர்கள் பிரான்சு நாட்டைச் சேர்ந்த கூஸ்தோ, காக்னான் என்ற இருவர். அதிலும் இருவர்தான்! மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்று வரும்படி செய்தது அவர்களுடைய சாமர்த்தியம்.

புறப்படும் முன் மூத்த நண்பர் மூன்று விஷயங்களைச் சொன்னார்:

"மூச்சை அடக்காதே. மேலே வரும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும். அடக்கினால் உயிருக்கே ஆபத்து."

"கட்டை விரலை உயர்த்தினால் 'பேஷ்' என்று அர்த்தம் அல்ல. 'மேலே போவோம்' என்று அர்த்தம்."

"எது நடந்தாலும் பதறாதே. நாங்கள் பக்கத்தில் இருப்போம்."

பாசியா, மரமா?

இறங்கினோம். ஆகா! என்ன காட்சி!

பொன் நிறத்தில் நூற்றுக்கணக்கான கொடிகள், தரையில் இருந்து நேராக மேலே போயின. உச்சியில் இலைகள் பந்தல் போட்டிருந்தன. அதன் இடுக்குகள் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. மீன்கள் கொடிகளுக்கு நடுவே அசையாமல் நின்றன. தலைகீழாகப் பறப்பது போல நான் மிதந்தேன்.

இந்தப் பாசிக்கு "கெல்ப்" என்று பெயர். இதற்கு மரத்தைப் போல வேர் கிடையாது. நூல் நூலாக உள்ள பிடிமானத்தால் பாறையைக் கவ்விக் கொள்கிறது. சத்துக்களை எல்லாம் இலைகளின் வழியாகத் தண்ணீரில் இருந்தே எடுத்துக் கொள்கிறது. ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு சிறு காற்றுக்குமிழ். அதுதான் கொடியை நிமிர்த்தி நிறுத்துகிறது. வசதியான காலத்தில் ஒரே நாளில் 2 அடி வரை வளரும்! 100 அடிக்கு மேலும் உயரும்.

ஐஸ்கிரீம் சாப்பிடும்போது இந்தப் பாசியின் உறவினரை நீங்கள் ருசித்திருக்கலாம். இந்த வகைப் பாசிகளில் இருந்து எடுக்கும் "ஆல்ஜினேட்" என்ற பொருள், ஐஸ்கிரீம் குழைவாக இருக்க உதவுகிறது.

பின்னால் யார்?

ஒரு மீனைத் தொடர்ந்து போனேன். திடீரென்று யாரோ முதுகைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. திரும்பினேன். யாரும் இல்லை!

கொடி ஒன்று சிலிண்டரின் கழுத்தில் சுற்றிக் கொண்டு விட்டது. இழுத்தேன், வரவில்லை. சுழன்றேன், இன்னும் இரண்டு கொடிகள் காலில் சுற்றின. நெஞ்சு படபடத்தது. மூச்சு வேகமாக வந்தது. காற்று அளவு காட்டும் முள் இறங்கிக் கொண்டே இருந்தது.

அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது. மூத்த நண்பர்! "அசையாதே" என்று உள்ளங்கையைக் காட்டினார். கத்தியை அவர் எடுக்கவே இல்லை. கொடியைப் பிடித்து, வெண்டைக்காய் நுனியை ஒடிப்பது போல மடித்து ஒடித்தார். இரண்டே நிமிடத்தில் நான் விடுதலை!

கெல்ப் கொடி இழுத்தால் அறாது. மடித்தால் ஒடிந்து விடும். ஆனால் முதுகுக்குப் பின்னால் இருப்பதை நான் எப்படி மடிப்பேன்? காவலர் துணை கேட்டது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

மெல்ல மேலே வந்தோம். 15 அடி ஆழத்தில் 3 நிமிடம் நின்று, உடலில் சேர்ந்த வாயு வெளியேற விட்டு, பிறகுதான் தலையை வெளியே நீட்டினோம்.

டக்... டக்... டக்!

"டக், டக்" என்று ஒரு சத்தம். கடல் நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்தது. வயிற்றின் மேல் ஒரு கல். கையில் இருந்த கடல் முள்ளெலியை அதில் மோதி உடைத்துத் தின்றது!

"இதுதான் இந்தக் காட்டுக்குத் துணை" என்றார் நண்பர்.

கடல் முள்ளெலி என்பது உருண்டையான, முள் நிறைந்த சிறு பிராணி. அதற்குக் கெல்ப் என்றால் உயிர். பாறையைக் கவ்விய பிடிமானத்தையே கடித்து விடும். கொடி அறுந்து போய்விடும். நீர்நாய் தன் எடையில் கால் பங்கு அளவு உணவைத் தினமும் தின்கிறது. முள்ளெலியும் அதில் அடக்கம்.

அந்த நீர்நாயை மனிதன் என்ன செய்தான்? மென்மையான ரோமத்துக்காகக் கொன்று குவித்தான். 1911-ம் ஆண்டு நான்கு நாடுகள் ஒப்பந்தம் செய்து வேட்டையைத் தடுத்தன. கலிபோர்னியாவில் நீர்நாய் இனமே அழிந்தது என்று பலர் நினைத்திருந்த நேரத்தில், 1938-ம் ஆண்டு இதே கடலோரத்தில் சுமார் 50 நீர்நாய்கள் கண்ணில் பட்டன. இன்று அவை சுமார் 3 ஆயிரமாகப் பெருகி உள்ளன.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முள்ளெலிக்கு இன்னொரு எதிரி, 20-க்கும் மேற்பட்ட கைகள் கொண்ட பெரிய நட்சத்திர மீன். 2013-ம் ஆண்டு தொடங்கிய நோயில் அது கூட்டம் கூட்டமாக மடிந்தது. 2014 முதல் 2016 வரை கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடானது. முள்ளெலிகள் படையெடுத்தன. நீர்நாய் இல்லாத வடக்குக் கலிபோர்னியாவில், கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது! வெறும் பாறையும் முள்ளெலியும்தான் மிச்சம்.

இங்கேயும் பல இடங்கள் மொட்டையாகி விட்டன. அங்கே பட்டினி கிடக்கும் முள்ளெலிக்குள் சதை இல்லை. ஆகையால் நீர்நாய் அதைத் தொடுவதில்லை. காடு மிஞ்சிய இடத்தில் கொழுத்த முள்ளெலி கிடைக்கிறது. அங்கே நீர்நாய் காவல் நிற்கிறது. மிஞ்சியதைக் காப்பாற்றுகிறது.

கரையில் உட்கார்ந்து சூடாகக் காப்பி குடித்தோம். என் கை இன்னும் நடுங்கிக் கொண்டிருந்தது. குளிர் பாதி, பயம் பாதி!

"அடுத்த முறை தனியாக வருகிறாயா?" என்று கேட்டுச் சிரித்தார் நண்பர்.

நான் பதில் சொல்லவில்லை. கடலைப் பார்த்தேன். பாசிப் பந்தலுக்கு நடுவே, அலை அடித்துக் கொண்டு போகாதபடி ஒரு கொடியை உடம்பில் சுற்றிக் கொண்டு, அந்த நீர்நாய் தூங்கிக் கொண்டிருந்தது. காட்டுக்கு அது துணை. அதற்குக் காடு துணை!