பாக்டீரியாக்களும் 'கோரம்' பார்க்கின்றன

சங்கப் பொதுக்குழுவில் 'கோரம்' சேர்ந்தால்தான் தீர்மானம் நிறைவேறும் என்பது நாம் அறிந்ததே. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களும் இப்படித் தலை எண்ணிப் பார்த்துத்தான் சில காரியங்களில் இறங்குகின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஹவாய்த் தீவுகளின் கரையோரக் கடலில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு கணவாய் இருக்கிறது. இரவில்தான் இரை தேடும். நிலா வெளிச்சத்தில் அதன் கரிய உருவத்தைக் கீழிருந்து பார்க்கும் எதிரிகள் எளிதில் கண்டுகொள்ளும். இதைத் தவிர்க்க, அது தன் அடிப்புறத்தில் ஓர் உறுப்பில் 'விப்ரியோ ஃபிஷெரி' என்னும் பாக்டீரியாக்களுக்கு இடமும் உணவும் தருகிறது. அவை ஒளிவிட, கணவாயின் உருவம் நிலவொளியோடு கலந்து மறைந்துவிடுகிறது.

இதே பாக்டீரியா கடல்நீரில் தனியாக மிதக்கும்போது ஒளிவிடுவதில்லை. ஒரே ஒரு பயணிக்காக முழு ரயிலை ஓட்டுவது போன்ற வீண் செலவு அது! கூட்டம் சேர்ந்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு ரசாயனப் பொருளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. பரந்த கடலில் அது கரைந்து போய்விடும். நெருக்கமான இடத்திலோ சேர்ந்துகொண்டே போகும். குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், பாக்டீரியாவின் உள்ளிருக்கும் ஒரு புரதத்துடன் இணைந்து ஒளிக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. எல்லாம் ஒருசேர ஒளிர்கின்றன. அமெரிக்காவில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்ற மூவர் 1970-ல் இதை விளக்கினார்கள். 'கோரம் சென்சிங்' என்ற பெயர் 1994-ல் வந்தது.

கூட்டு முயற்சி என்றால் டிக்கெட் இல்லாப் பயணிகளும் இருப்பார்கள் அல்லவா? தீக்காயங்களில் தொற்றும் 'சூடோமோனாஸ்' பாக்டீரியாக்கள், கோரம் சேர்ந்ததும் புரதத்தைச் செரிக்கும் என்சைம்களை வெளியே சுரக்கின்றன. கிடைக்கும் உணவு எல்லோருக்கும் பொது. சமிக்ஞைக்குச் செவிசாய்க்காமல் எதையும் சுரக்காத சில, உழைக்காமலே உண்டு வேகமாகப் பெருகுகின்றன. 2007-ல் வெளியான சோதனைகள் இதைக் காட்டின.

அப்படியானால் ஒத்துழைப்பு ஏன் அழிந்து போகவில்லை? அருகருகே வாழும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஒரே தாய்ச்செல்லின் வாரிசுகள். ஒன்றின் உழைப்பு அதன் உறவுக்கே போய்ச் சேருகிறது. ஏமாற்றுக்காரர்கள் மலிந்த கூட்டமோ உணவின்றித் தேய்கிறது; உழைக்கும் கூட்டம் பெருகிப் பரவுகிறது. 1964-ல் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் வகுத்த உறவுத் தேர்வுக் கொள்கையும் இதைத்தான் சொல்கிறது.

இதில் நமக்கும் ஒரு பயன் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்து கிருமிகளைக் கொல்கிறது. ஆனால் தப்பிப் பிழைப்பவை மருந்துக்கு அடங்காத வாரிசுகளைப் பெருக்குகின்றன. கொல்வதற்குப் பதிலாக அவற்றின் பேச்சை மட்டும் தடுத்தால், கோரம் சேராமல் தாக்குதலே நடக்காது. எதிர்ப்புச் சக்தி வளரும் வாய்ப்பும் குறையலாம். இந்த ஆய்வுகள் இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. அதுவரை, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கும் பழக்கத்தையாவது நாம் விட்டுவிடலாம்.