நாணயமும் மிட்டாயும்

காவேரிப்பாக்கம் போன்ற சிற்றூர்ப் பெட்டிக்கடையில் மிட்டாயின் விலையை முடிவு செய்வது ஆக்கச் செலவு மட்டுமன்று; வாங்க வரும் சிறுவர் கையிலுள்ள நாணயமும்தான். 1957 ஏப்ரல் 1 அன்று, பதினாறு அணா கொண்ட ரூபாய் நூறு காசுகளாகப் பகுக்கப்பட்டது. விலைவாசி ஏற ஏறச் சிறு காசுகள் பயன் குன்றின. 2011 சூன் 30 முதல் 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதவையாயின.

இரு நாணயங்களுக்கு இடையே விலை நிற்பதற்கு இடமில்லை. நிலக்கடலையும் வெல்லமும் விலையேறினாலும், ஐந்து ரூபாய்க் கடலைமிட்டாயை ஐந்தரை ரூபாய்க்கு விற்பது எளிதன்று. ஆகவே விலையைத் தொடாது எடையைக் குறைக்கின்றனர். இது நம்மூர் உத்தி மட்டுமன்று. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் 1969 வரை ஐந்து சென்ட்டுக்கே விற்றது. அதன் எடைதான் பலமுறை மாறியது.

ஐந்து ரூபாய்ப் பொட்டலம் 25 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைவதாகக் கொள்வோம். குறைந்த எடை 20 விழுக்காடு. ஆனால் ஒரு கிராமின் விலை 20 காசிலிருந்து 25 காசாகிறது. அதாவது, விலையேற்றம் 25 விழுக்காடு. உறையின்மேல் நிகர எடையை அச்சிடுதல் சட்டப்படி கட்டாயம். எனினும், கடை வாசலில் நிற்கும் சிறுவர் படிப்பது விலையை மட்டுமே.