இணையக் கடையின் பெயர்ப்பலகை

கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வரும் ஓவியரிடம் பலகையின் அகலத்தைக் காட்டி, ‘இதற்குள் அடங்க எழுதுங்கள்’ என்போம். இணையக் கடை தொடங்கிய நம்மவர் பலர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

நம் மளிகை வியாபாரி ஒருவர் வருத்தப்பட்டார்: “கூகுள்ல தேடினா நம்ம கடை வருது அண்ணாச்சி. ஆனா யாரும் உள்ள வரமாட்டேங்குறாங்க.” அவர் கைபேசியிலேயே தேடிப் பார்த்தோம். அரிசி, பருப்பு, எண்ணெய் எதைத் தேடினாலும் வந்தது ஒரே வரிதான்: “தரமான மலிவு விலை மளிகைப் பொருட்கள் மொத்தம்...” அதற்குமேல் மூன்று புள்ளி. பொருளின் பெயர் புள்ளிகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. தளம் அமைத்துக் கொடுத்தவர், சொற்களை அடுக்கினால் தேடலில் முந்தலாம் என்று சொல்லியிருக்கிறார்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளே எழுதி வைக்கும் ‘பக்கத் தலைப்பு’தான் பெரும்பாலும் தேடலில் பெரிய எழுத்தில் தெரிவது. எவ்வளவு நீளமாகவும் எழுதலாம், தடையில்லை. ஆனால் திரையின் அகலத்துக்கு மிஞ்சியதைக் கூகுள் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் ஐம்பது, அறுபது எழுத்து வரை தெரியும் என்பது நடைமுறைக் கணக்கு. நம் ‘ண’வும் ‘ஞ’வும் இடத்தை அடைப்பவை, ஆகவே தமிழில் இன்னும் சுருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் கூகுள் புதிய முறை ஒன்றையும் கொண்டுவந்தது. தலைப்பு மிக நீளமாகவோ, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வாசகமாகவோ இருந்தால், பக்கத்தின் வேறு இடத்திலிருந்து சொற்களை எடுத்துத் தானே தலைப்பிட்டுவிடும். நம் கடைக்கு அடுத்தவர் பலகை எழுதுவது போலத்தான்!

வெட்டுப்படுவது சாதாரணச் சொல்லாக இருந்தால் பரவாயில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, அடைத்து விவரம் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீத வரி வந்தபின் 26 கிலோ மூட்டை பெருகியது நமக்குத் தெரியும். வாங்குகிறவர் தேடுவதே அந்த எண்ணைத்தான். அது புள்ளிகளுக்குள் போனால் வியாபாரமும் போயிற்று.

ஆகவே பொருள், ரகம், எடை முதலில். கடைப் பெயர் கடைசியில். “இட்லி அரிசி 26 கிலோ மூட்டை”, ஒரு கோடு, பிறகு கடைப் பெயர். அவ்வளவே. ‘தரமான’, ‘மலிவான’ என்பவற்றைப் பக்கத்தினுள் விளக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதை எல்லாரும்தான் சொல்கிறார்கள். பல தளங்களில் கடைப் பெயர் தானாகவே ஒட்டிக்கொள்ளும். நாமும் எழுதினால் இரண்டு முறை வரும், கவனிக்கவும்.

ஷாப்பிஃபையில் பொருளின் பக்கத்தில் கீழே தேடலுக்கான தனிப் பகுதி உண்டு. தலைப்பை அங்கே திருத்தலாம். முந்நூறு பொருளையும் ஒரே நாளில் தொட வேண்டாம். அதிகம் விற்கும் இருபதை முதலில் திருத்துங்கள். அப்போது பக்கத்தின் முகவரியை மாற்றிவிடாதீர்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்த பழைய இணைப்பு திறக்காமல் போகலாம்.

மாற்றம் உடனே தெரியாது. கூகுள் திரும்ப வந்து படிக்கச் சில நாளோ, சில வாரமோ ஆகும். நம் வியாபாரி முதலில் எண்ணெய்ப் பக்கங்களைத் திருத்தி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.