பழைய கணிப்பொறி: எந்த உறுப்பை மாற்றுவது?

வீட்டிலுள்ள பழைய மேசைக் கணிப்பொறி புதிய விளையாட்டுகளில் திணறுகிறதா? கையிலுள்ள சிறு தொகையை எந்த உறுப்புக்குச் செலவிடுவது? ஓர் எளிய சோதனை விடை தரும்.

விளையாட்டின் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு உறுப்புகள் உழைக்கின்றன. யார் எங்கே நிற்கிறார், எது எதில் மோதுகிறது என்று கணக்கிடுவது மையச் செயலகம். அக்காட்சியைப் புள்ளி புள்ளியாகத் தீட்டுவது வரைகலை அட்டை. அட்டை ஒரு படத்தைத் தீட்டும்போதே செயலகம் அடுத்த படத்தைக் கணக்கிடத் தொடங்கிவிடும்.

செயலகத்துக்கு 25 மில்லி வினாடியும் அட்டைக்கு 15 மில்லி வினாடியும் ஆவதாகக் கொள்வோம். மெதுவானதே வேகத்தை நிர்ணயிக்கும். ஆகவே வினாடிக்கு 40 படங்களே கிடைக்கும். விலையுயர்ந்த அட்டை வாங்கினாலும் அதே 40தான்!

இப்போது சோதனை. படங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். பிறகு திரைப் புள்ளிகளை 1920 × 1080-லிருந்து 1280 × 720 ஆகக் குறையுங்கள். அட்டையின் வேலை பாதிக்கும் கீழே குறையும். செயலகத்தின் வேலை ஏறத்தாழ மாறாது. படங்கள் நன்கு கூடினால் தடை அட்டையில். கூடாவிட்டால் பெரும்பாலும் செயலகத்தில்.

விளையாட்டு தொடங்கவே தாமதமா? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில், வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வரவே சராசரியாக 4 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இக்காத்திருப்பு இல்லை.

புதிய உறுப்பு பழைய தாய்ப்பலகையில் பொருந்துமா, மின்வழங்கி அதைத் தாங்குமா என்றும் பாருங்கள். முதலில் அளவீடு; பிறகே கடை!