மொய்க்கு மொய், பகிர்வுக்குப் பகிர்வு

மைசூரிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் வந்தால் குண்டலுபேட்டை. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்த ஊர், இப்போது சாமராஜநகரில் இருக்கிறது. இங்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளைக் கடந்து கூடலூர், ஊட்டி போகிறது. இன்னொன்று முத்தங்கா காட்டைத் தாண்டி, கேரளத்து வயநாட்டின் சுல்தான் பத்தேரியில் இறங்குகிறது. ஆனி, ஆடியில் சாலையோர வயல்களில் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் மஞ்சளாக விரிந்து கிடக்கும். கன்னட விவசாயி எண்ணெய்க்காக விதைத்த பூவின் முன்னால் மலையாளக் குடும்பங்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கின்றன. படம் எடுக்கக் கட்டணம் வாங்கும் வயல்களும் உண்டு. பூ வந்திருக்கிறது என்று கேரளத்துக்குத் தண்டோரா போட்டது யார்? பெரும்பாலும் கைபேசிப் பகிர்வுகள்தான்.

அந்தப் படங்களை ஊர் ஊராகக் கடத்தியவர்களுக்குள் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தம் போட்டுக்கொண்டே பகிர்பவர்களும் இருக்கிறார்கள். “என் பதிவை நீ பகிர், உன் பதிவை நான் பகிர்கிறேன்” என்று பத்துப் பேர், இருபது பேர் வாட்ஸப்பில் குழு அமைத்துக்கொள்கிறார்கள். இது லாபமா நட்டமா என்று எழுதுகிறவர்கள் பல காலமாக விவாதிக்கிறார்கள். இந்த விவாதத்துக்குள் விளையாட்டுக் கோட்பாடு, சமூகவியல், தேடுபொறிக் கணிதம் மூன்றும் ஒளிந்திருக்கின்றன.

தமிழில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ ஒரு திரட்டி. அதாவது, பல வலைப்பதிவுகளின் புதிய இடுகைகளை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டும் தளம். பின்னாளில் அதில் வாக்களிக்கும் வசதி வந்தது. வாக்கு சேரச் சேர இடுகை பலர் கண்ணில் படும். உடனே பதிவுலகில் ஒரு குறியீடு பிறந்தது. பின்னூட்டத்தின் கடைசியில் “த.ம. 1” என்று போடுவார்கள். தமிழ்மணத்தில் முதல் ஓட்டு நான் போட்டுவிட்டேன் என்று அர்த்தம். நீயும் மறந்துவிடாதே என்பது சொல்லாமல் விட்ட மீதி. பதிவர்களே இதைக் கிண்டலாக மொய் என்றார்கள்.

மொய் சாதாரண விஷயமில்லை. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, பந்தலில் நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் ஊரே வந்து பணம் வைக்கும். அது அன்பளிப்பு இல்லை. யார் எவ்வளவு என்று எழுதப்படும். அவர் வீட்டு விருந்தில் கூடுதலாகச் சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். வங்கி, பத்திரம், ஜாமீன் ஏதும் இல்லாமல் லட்சக்கணக்கில் பணம் சுழல்கிறது. ஏமாற்றிவிட்டு ஓடாமல் இருக்க வைப்பது எது?

அந்தக் கேள்வியைத்தான் ராபர்ட் ஆக்சல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் கணினியிடம் கேட்டார். 1980-இல் முடிவு வெளியான அவருடைய போட்டிக்கு, ஒத்துழைப்பதா ஏமாற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கும் நிரல்களை அறிஞர்கள் அனுப்பினார்கள். வந்தவை 14. ஒவ்வொன்றும் மற்றதோடு 200 முறை மோதியது. தந்திரம் மிகுந்த நிரல்களையெல்லாம் வென்றது, வந்தவற்றிலேயே மிகச் சிறியது. அனுப்பியவர் அனடோல் ராப்பபோர்ட். அதன் விதி இவ்வளவுதான்: முதல் முறை ஒத்துழை, அதன்பின் எதிராளி போன முறை செய்ததையே திருப்பிச் செய். வெற்றியின் ரகசியம் எல்லோருக்கும் தெரிந்த பிறகு நடந்த இரண்டாம் போட்டிக்கு 62 நிரல்கள் வந்தன. அதிலும் அதுவே முதலிடம். மீண்டும் சந்திப்போம் என்ற நிச்சயம் இருக்கும்வரை பதிலுக்குப் பதில் என்ற இந்த முறை மிக வலுவானது. மொய் நோட்டு நிற்பதும் “த.ம. 1” நின்றதும் இதன் மேல்தான்.

சரி, அந்த ஒற்றை ஓட்டுக்கு அப்படி என்ன மதிப்பு? ஒரு செய்திப் பகிர்வுத் தளத்தில் ஐந்து மாதம் நடந்த சோதனையின் முடிவு 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 1,01,281 கருத்துகளில் சிலவற்றுக்கு மட்டும், குலுக்கல் முறையில், எழுதியவுடனே ஒரு பொய் ஆதரவு ஓட்டு போடப்பட்டது. அடுத்து வந்த வாசகர் தானும் ஆதரவு ஓட்டுப் போடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. முடிவில் அந்தக் கருத்துகளின் சராசரி மதிப்பெண் 25 சதவீதம் உயர்ந்து நின்றது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை! வேடிக்கை என்னவென்றால், பொய்யாகப் போட்ட எதிர்ப்பு ஓட்டை மற்ற வாசகர்கள் ஈடுகட்டிச் சரிசெய்துவிட்டார்கள். பொய்ப் பாராட்டைத்தான் யாரும் திருத்தவில்லை.

2006-இல் வெளியான இன்னொரு சோதனையில் 14,341 பேருக்குப் பிரபலமாகாத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். பிறர் எதை இறக்கிக்கொண்டார்கள் என்று பார்க்க முடிந்தவர்களை, ஒன்றையொன்று அறியாத எட்டு தனி உலகங்களாகப் பிரித்தார்கள். ஓர் உலகத்தில் முன்னணிக்கு வந்த பாட்டு இன்னோர் உலகத்தில் பின்தங்கியது. மிக நல்ல பாட்டு அடியோடு விழுந்தது அரிது, மிக மோசமானது உச்சிக்குப் போனதும் அரிது. நடுவில் இருந்தவற்றின் தலையெழுத்தை ஆரம்பக் கைகளே எழுதின. நம்மில் பெரும்பாலோர் எழுதுவது நடுவில் இருக்கும் ரகம்தான். ஆகவே புதிதாக எழுத வருகிறவர் நாலு நண்பர்களைப் பகிரச் சொல்வதில் தப்பே இல்லை என்பேன்.

நட்டக் கணக்கு குழு பெருகும்போது தொடங்குகிறது. பத்துப் பேர் குழுவில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரைப் பகிர வேண்டும். ஒரு சுற்றுக்கு 90 பகிர்வுகள். ஆள் இருபதானால் 180 அல்ல, 380. ஆள் இரட்டிக்க, வேலை நாலு மடங்குக்கும் மேலாகிறது. கிடைப்பதோ அப்படிப் பெருகுவதில்லை. பத்துப் பேருக்கும் ஆளுக்கு 200 வாசகர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,000 பேர் என்று மனக்கணக்கு போடுவோம். ஆனால் ஒரே வட்டத்து நண்பர்களுக்கு வாசகர்களும் பொதுவாகவே இருப்பார்கள். 150 பேர் எல்லோருக்கும் பொது என்றால், உண்மையில் சென்று சேர்வது 150-ம், ஆளுக்கு 50 வீதம் 500-ம்: மொத்தம் 650 பேர். அந்த 150 பேரும் ஒரே இடுகையைப் பத்து முறை பார்க்க நேரிடும். பத்தாவது முறை அவர்கள் என்ன சொல்வார்கள் என்று இங்கே அச்சிட முடியாது.

புதிய கண்கள் எங்கிருந்துதான் வருகின்றன? 1973-இல் வெளியான ஆய்வுக்காக மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர், அறிமுகமானவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று விசாரித்தார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் வேறோர் உலகத்துச் செய்தியைக் கொண்டுவரும். இதற்கு அவர் ‘மெல்லிய பிணைப்பின் வலிமை’ என்று பெயர் வைத்தார். வலையமைப்புக் கணிதத்தில் இரண்டு கூட்டங்களை இணைக்கும் ஒற்றைக் கோட்டுக்குப் பாலம் என்று பெயர். குண்டலுபேட்டைச் சாலைகள் அப்படிப்பட்டவை. காட்டு விலங்குகளுக்காக 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை அவற்றில் போக்குவரத்துத் தடை. சில பேருந்துகளும் அவசர வண்டிகளும் தவிர மற்றவை சுற்றிப் போக வேண்டும் அல்லது விடியும்வரை நிற்க வேண்டும். மைசூருக்குள் எத்தனை தெரு இருந்தாலும் அந்நேரம் வயநாட்டுக்குப் போக உதவாது. சூரியகாந்திப் படங்களை மொழி எல்லை தாண்ட வைத்தவரும் இப்படி ஒரு பாலமாக நின்ற யாரோ ஒருவர்தான். கன்னடத்து நண்பரும் மலையாளத்து மைத்துனரும் உள்ளவர். பரஸ்பரப் பகிர்வுக் குழு உள்தெருக்களைத்தான் பெருக்குகிறது.

இயந்திரமும் இதைக் கவனிக்கிறது. கூகுளின் அடித்தளமான பேஜ்ரேங்க் முறையை 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் விளக்கினார்கள். ஒரு பக்கத்துக்கு வரும் இணைப்புகள் ஓட்டுகள். மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். ஆனால் பத்துப் பேருக்குப் போட்டால் அது பத்தாகப் பிரியும். அப்போதே ஒரு குறை அவர்கள் கண்ணில் பட்டது. இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று மட்டும் காட்டிக்கொண்டு, வெளியிலிருந்து ஓர் இணைப்பு அவற்றில் ஒன்றுக்கு வந்து சேர்ந்தால், உள்ளே வந்த மதிப்பு வெளியேறாமல் தேங்கிக்கொண்டே போகும். இந்த மதிப்பு மடுவை வடிக்க ஒரு கற்பனை வாசகரைப் படைத்தார்கள். அவர் இணைப்புகளைச் சொடுக்கிக்கொண்டே போவார். சுமார் 15 சதவீத நேரம் அலுத்துப்போய் எங்கோ ஒரு பக்கத்துக்குத் தாவிவிடுவார். மனிதனின் சலிப்பைச் சூத்திரத்துக்குள் எழுதி மடுவின் கரையை உடைத்ததைப்போல் அழகான தந்திரம் கணினி உலகில் அபூர்வம்.

பரஸ்பரப் பகிர்வுக் குழுவைப் பிடிக்க, நட்பு முக்கோணங்களை எண்ணுவது இன்னும் எளிது. உங்கள் நண்பர்களை இரண்டிரண்டு பேராக எடுத்தால், அந்த ஜோடிகளில் எத்தனை ஜோடி தமக்குள்ளும் நண்பர்கள்? இந்த விகிதத்தைக் கொத்தெண் எனலாம். எல்லோரும் எல்லோரையும் பகிரும் குழுவில் அது 1. அதற்கு மேல் கிடையாது. சாதாரண மனிதர்களின் நட்பு வட்டம் அந்த அளவுக்கு நெருங்குவது அரிது. இடுகை வந்த சில நிமிடங்களில் அதே பத்துப் பேர் என்ற நேரக்கணக்கும் சேர்ந்தால் சந்தேகிக்கப் போதும். 2012-இல் கூகுள் கொண்டுவந்த ‘பெங்குவின்’ மாற்றம் செயற்கை இணைப்புகளைக் குறிவைத்தது. அளவுக்கு மீறிய இணைப்புப் பரிமாற்றம் கூகுளின் விதிகளில் முறைகேடாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது. லைக் போடு, பகிர், நண்பரை இழு என்று கெஞ்சும் இடுகைகளைக் கீழே தள்ளப்போவதாக 2017 டிசம்பரில் ஃபேஸ்புக்கும் அறிவித்தது.

என் கணக்கில் பெரிய நட்டம் வேறு. மொய் விருந்தில் வைப்பவரும் வாங்குபவரும் தங்கள் பணத்தையே கை மாற்றுகிறார்கள். பகிர்வில் நாம் கொடுப்பது நம்முடையதே அல்ல. என் பரிந்துரையை நம்பி ஐந்து நிமிடம் செலவழிக்கும் வாசகருடையது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத அவர் பாக்கெட்டிலிருந்துதான் என் மொய் போகிறது. பதிலுக்குப் பதில் விதி, பகிர்ந்தாரா என்று மட்டும் பார்க்கும். படித்தாரா என்று பார்க்காது.

நீங்கள் இப்படி ஒரு குழுவில் இருந்தால், கடைசியாகப் பகிர்ந்த பத்து இடுகைகளை எடுத்துப் பாருங்கள். எத்தனையை முழுசாகப் படித்தீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கீழே வந்தால் குழுவிலிருந்து விலகிவிடுங்கள்.