பழைய லொறியின் முன் அச்சில் ஒரு பெட்டி

அறுவடை முடிந்து நெல் மூடைகள் வயலில் கிடக்கின்றன. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வருகிறது. பெட்டி வைத்திருப்பவர் வேறொருவரின் வயலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்ததும் கேட்கிற கூலியைக் கொடுக்க வேண்டும். சொறிக்கல்முனை, வீரச்சோலை, சவளக்கடைப் பகுதிகளில் இந்த நிலையை அறியாத குடும்பம் இல்லை. 1990இல் இடம்பெயர்ந்தபோது வண்டியையும் மாட்டையும் விட்டுவந்தவர்கள் பலர். திரும்பி வந்து காணியைத் திருத்தியும், விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுவர வழி இல்லையென்றால் உழைப்பின் ஒரு பங்கு கூலியாகப் போய்விடுகிறது.

கைஉழவு இயந்திரம் எதையும் நாம் இன்றும் 'லான்ட்மாஸ்டர்' என்றே சொல்கிறோம். அந்த இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் றே விஜேவர்தன (1924–2010) என்ற இலங்கைப் பொறியியலாளர். உழவுக்கென்று வந்தாலும், உழவு சில வார வேலைதான். மற்ற நாட்களில் அது பெட்டி இழுத்தே சோறு போடுகிறது. நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு இயந்திரம் வைத்திருந்தால், அதற்கு ஒரு பெட்டியைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். அதற்கு வேண்டிய முக்கிய பொருள் பழைய சிறு லொறி ஒன்றின் முன் அச்சு.

ஏன் முன் அச்சு?

பழைய லொறிகளின் முன்பக்கத்தில் இரு சில்லுகளையும் ஒரே இரும்புத் தண்டு இணைக்கிறது. கராஜில் 'பீம் எக்சல்' என்று கேட்டால் காட்டுவார்கள். பின் அச்சைப்போல இதன் நடுவில் பல்சக்கரப் பெட்டி இல்லை. ஆகவே பாரம் குறைவு. எண்ணெய் ஒழுகும் இடமும் இல்லை. ஒரு சில்லு குழியில் இறங்கினாலும் தண்டு வளையாமல் தாங்கும். வயல் வரம்பிலும் வாய்க்கால் கரையிலும் ஓடுவதற்கு ஏற்றது இதுவே.

பெரிய லொறியின் அச்சை வாங்க வேண்டாம். அதன் பாரமே இயந்திரத்தின் பலத்தைத் தின்றுவிடும். நான்கு சில்லும் இழுக்கும் ஜீப்பின் முன் அச்சும் வேண்டாம். அதில் பல்சக்கரமும் மூட்டுகளும் உண்டு, வீண் செலவு.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நாங்கள் முதலில் வாங்கிய அச்சு மலிவாகக் கிடைத்தது. நூல் பிடித்துப் பார்க்காமல் பூட்டினோம். ஒரு போகம் முடிவதற்குள் இரண்டு ரயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்து நூல் தெரிந்தது. தண்டு வளைந்திருந்ததைப் பிறகுதான் கண்டோம். வளைந்த தண்டைச் சூடாக்கி நிமிர்த்தினால் இரும்பின் உறுதி போய்விடும். அதைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு வேறு வாங்கினோம்.

எனவே காசு கொடுக்குமுன் இவற்றைச் செய்யுங்கள். இரண்டு கிங்பின்களின் நடுவிலிருந்து நடுவுக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். வில் இருக்கும் இரண்டு தளங்களின் நடுத்துளைகளும் அந்த நூலின் நேர்கீழே வர வேண்டும். சில்லை இரு கையாலும் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங் அல்லது கிங்பின் தேய்ந்துள்ளது. அதன் விலையைக் கணக்கிட்டே பேரம் பேசுங்கள். சில்லைச் சுழற்றிக் காது கொடுங்கள். கரகரத்தால் பெயாரிங் மாற்ற வேண்டும். தண்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

சில்லுகளைத் திரும்பாமல் பூட்டுதல்

முன் சில்லுகள் திரும்புவதற்காகச் செய்யப்பட்டவை. பெட்டியில் அவை திரும்பினால் பெட்டி பாம்புபோல ஆடும். இரு சில்லையும் இணைக்கும் டைறொட்டைக் கழற்றாமல் வைத்து, சில்லுகளை நேராக்க வேண்டும். அச்சின் உயரத்தில் இரு ரயர்களுக்கும் இடையே முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மில்லிமீற்றருக்குள் இருக்கட்டும். பிறகு இரு பக்கக் கைகளையும் பெட்டியின் சட்டத்துடன் அல்ல, அச்சுடனேயே இறுக்கிப் பூட்ட வேண்டும். சட்டம் வில்லின்மேல் ஏறி இறங்குவதால், அதனுடன் பூட்டினால் சில்லு இழுபடும்.

இதற்கு இரும்புப் பட்டியும் யூபோல்ட்டும் போதும். தண்டின்மேல் வெல்டிங் பண்ண வேண்டாம். அது அடித்துச் செய்த உறுதியான இரும்பு. ஒட்டிய இடத்தின் ஓரம் மொறுமொறுப்பாகிப் பாரத்தில் திடீரென முறியும்.

வில்லும் பாரமும்

லொறியின் வில்லை அப்படியே போட்டால் பெட்டி குதிக்கும், மூடை சிதறும். நீளமான முதல் தகட்டை வைத்துக்கொண்டு, கீழேயுள்ள சிலவற்றைக் கழற்றலாம். முழுப் பாரத்தில் வில் தட்டையாக வரலாம், மறுபக்கம் வளையக்கூடாது.

அச்சை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 8 அடி நீளப் பெட்டியின் நடு 4 அடி. அச்சை அதற்கு அரை அடி பின்னே, முன்விளிம்பிலிருந்து நாலரை அடியில் வையுங்கள். இயந்திரத்துடன் பூட்டும் கொழுக்கி முன்விளிம்புக்கு 4 அடி முன்னே இருக்கட்டும். ஒரு மூடை 65 கிலோ எனக் கொண்டால் 15 மூடை 975 கிலோ. அதைச் சமமாகப் பரப்பினால் கொழுக்கியில் சுமார் 57 கிலோ இறங்கும். முன்விளிம்புக்கு ஒரு அடி முன்னே ஆசனம் வைத்து 60 கிலோ எடையுள்ள ஓட்டுநர் இருந்தால் இன்னும் 39 கிலோ. மொத்தம் ஏறக்குறைய 96 கிலோ. பாரத்தின் பத்தில் ஒரு பங்கு. இது சரியான அளவு. மூடையை எல்லாம் பின்னே அடுக்கினால் கொழுக்கி மேலே எழும்பி, கைபிடி கையை விட்டுப் போகும்.

பிறேக்கை எடுத்துவிடாதீர்கள்

அச்சுடன் வரும் பிறேக்கைப் பழைய இரும்புக்கு விற்பவர்கள் உண்டு. அதுதான் உங்கள் உயிர். அதைத் திருத்தி, ஆசனத்துக்குக் கீழே ஒரு மிதியுடன் இணையுங்கள். இயந்திரத்தின் பிறேக் மட்டும் ஒரு தொன் பாரத்தை நிறுத்தாது.

பள்ளத்தில் இறங்கும்போது பெட்டி இயந்திரத்தைத் தள்ளும். அப்போது இடப்பக்கப் பிடியை அழுத்தினால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். வழக்கத்துக்கு எதிரான இந்தத் திருப்பத்தை அறியாமல் வாய்க்காலில் விழுந்தவர்கள் பலர். இறங்குமுன் சிறிய கியருக்கு மாறி, மிதியில் கால் வைத்து, பிடியைத் தொடாமல் கைபிடியாலேயே திருப்புங்கள். பின்னால் சிவப்பு ஒளிதெறி தகடுகளும் ஒரு விளக்கும் கட்டாயம். பெட்டியைப் பதிவதுபற்றி வேலை தொடங்குமுன்பே பிரதேச செயலகத்தில் விசாரித்து, காப்புறுதியும் எடுங்கள்.

தண்ணீரில் இறங்க வேண்டாம்

பெட்டி கையில் இருக்கும்போது, மாரியில் கிட்டங்கி வீதியைத் தண்ணீர் மூடினாலும் 'கடந்துவிடலாம்' என்ற எண்ணம் வரும். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்கப் போன உழவு இயந்திரப் பெட்டி கவிழ்ந்து மத்ரசா மாணவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். பலகை அடித்த பெட்டி தண்ணீரில் மிதக்கப் பார்க்கும். ஓட்டம் பக்கத்தில் தள்ளும். சில்லுக்கு நிலம் கிடைக்காது. முழங்கால் அளவு ஓடும் தண்ணீரே போதும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒருபோதும் இறங்காதீர்கள்.

சேர்ந்து வைத்திருப்பது

பெட்டி ஐந்து குடும்பங்களுக்குச் சொந்தமென்றால், முதல் நாளே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் எவ்வளவு போட்டார், யாருடைய வயலுக்கு எந்த முறை, வெளியாருக்கு ஓடினால் கூலியில் எவ்வளவு ரயருக்கும் பெயாரிங்குக்கும் ஒதுக்குவது. ஒவ்வொரு போகத்தின் முடிவிலும் சில்லைக் கழற்றிப் பழைய கிறீசைத் துடைத்துப் புதிது இடுங்கள். தண்ணீர் பட்ட பெயாரிங்கை அடுத்த போகத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். யூபோல்ட்டுகளை முதல் வாரம் ஓடியபின் மீண்டும் இறுக்குங்கள். புதிதாகப் பூட்டியவை தளர்வது வழக்கம்.