ஹீட்டர் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்!

மார்கழி பிறந்ததும் தில்லித் தமிழர் இல்லங்களில் ரஜாய்கள் பரணிலிருந்து இறங்கிவிடுகின்றன. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாற்றலாகி வந்து முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் குடும்பத்தினர், 'ஒரு ஸ்வெட்டர் போதாதா?' என்று கார்த்திகையில் கேட்பார்கள். டிசம்பர் கடைசியில் அவர்களே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஹீட்டர் விலை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். லக்ஷ்மிபாய் நகருக்குப் பக்கத்திலுள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 2021 புத்தாண்டு காலையில் பதிவானது 1.1 டிகிரி. கைக்குழந்தையும் முதியோரும் உள்ள வீட்டில் ஹீட்டரை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

ஆனால் கடைக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கைத்தான்.

எந்த பிளக்? எத்தனை வாட்?

விளக்கு, விசிறி, ரேடியோவுக்கான சிறிய பிளக் 5 அல்லது 6 ஆம்பியர் மின்சாரத்தைத் தாங்கும். 1000 வாட் ஹீட்டர் இழுப்பது நாலரை ஆம்பியருக்குள். 2000 வாட் ஹீட்டரோ ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பெரிய துளைகள் கொண்ட 15 அல்லது 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும். பின்னின் பருமன் பொருந்தவில்லை என்று அடாப்டர் மாட்டுவதும், எக்ஸ்டென்ஷன் வயரில் இழுத்துக் கட்டிலருகே வைப்பதும் ஆபத்து. வயர் உள்ளுக்குள் சூடேறி, உறை உருகிய பிறகே வெளியில் தெரியும். பிளக்கைத் தொட்டால் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ உடனே சுவிட்சை அணைத்துவிட வேண்டும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று பருமனான கம்பியைச் சுற்றுவது, காவல்காரனின் கையைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

அரசுக் குவார்ட்டர்ஸில் குடியிருப்போர் மத்திய பொதுப்பணித் துறையின் 'என்கொயரி'யில் எழுதிக் கொடுத்து, பிளக், வயரிங், எர்த் மூன்றையும் குளிர் தொடங்குமுன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. வாடகை அறையில் இருப்போர் வீட்டுக்காரரைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

எந்த ரகம்?

ஒரே வாட் என்றால் எந்த ஹீட்டரும் தரும் வெப்பம் ஒன்றே. தரும் விதம்தான் வேறு. சிவந்து ஒளிரும் ராடு ஹீட்டர் எதிரே இருப்பவரை உடனே சூடாக்கும், அறையை அல்ல. மேஜையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது போதும். காற்றை ஊதும் ப்ளோயர் சிறிய அறையை விரைவில் வெதுவெதுப்பாக்கும், சத்தம் உண்டு. எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் மெதுவாகச் சூடேறும்; அணைத்த பின்னும் சற்று நேரம் கதகதப்புத் தரும். விலை அதிகமானாலும் செந்தணல் வெளியே தெரியாததால், குழந்தையும் முதியோரும் உள்ள அறைக்கு ஏற்றது. எதுவாயினும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, மூன்று பின் பிளக், சாய்ந்தாலும் அதிகம் சூடானாலும் தானே அணையும் வசதி ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

பில் எவ்வளவு ஏறும்?

1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 2000 வாட் ஹீட்டரைத் தினம் 3 மணி நேரம் வைத்தால் மாதம் 180 யூனிட். தில்லி அரசு 2019 ஆகஸ்டில் முழு மானியம் அறிவித்தது 200 யூனிட் வரைதான். அந்த வரம்பை ஏறக்குறைய ஹீட்டர் ஒன்றே விழுங்கிவிடும். கதவிடுக்கில் பழந்துணியைச் செருகி, படுக்குமுன் ஒரு மணி நேரம் மட்டும் போட்டு, அணைத்துவிட்டு ரஜாய்க்குள் புகுவதே சிக்கனம், பாதுகாப்பும் அதுவே.

தூங்கும்போது வேண்டாம்

ரஜாய், திரைச்சீலை, மெத்தை ஆகியவற்றிலிருந்து ஹீட்டர் மூன்றடியாவது தள்ளி இருக்க வேண்டும். காயாத துணியை அதன்மேல் போடலாகாது. குளியலறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

மின்சார ஹீட்டர் பிராணவாயுவைத் தின்றுவிடும் என்பது தவறான எண்ணம். அதில் எதுவும் எரிவதில்லை. அறைக் காற்று வறண்டு தொண்டை காய்வது உண்டு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் ஓரளவு குறையும். உயிரைப் பறிப்பது கரி அங்கீட்டியே. கரி புகைகிறபோது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். 2024 ஜனவரி நடுவில் தில்லி அலிப்பூர் பகுதியில் ஒரே குடும்பத்தினர் நால்வரும், இந்தர்புரியில் இருவரும், அங்கீட்டி வைத்து மூடிய அறைகளில் மாண்டார்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சி அறைக்குள் கரி மூட்டும் தொழிலாளத் தோழர்கள் இதை மறக்கலாகாது.

தில்லிக் குளிர் இரண்டு மாத விருந்தாளி. அதற்காக வீட்டையும் உயிரையும் பணயம் வைக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் பிளக்கை ஒரு முறை பார்த்துவிட்டு, மாலையில் கடைக்குப் போகலாம்.